பூங்காவனம் கேட்ட கொசுறு

முன்னொரு காலத்தில், கடைக்குப் போகிறவர்கள் பையை மறந்தாலும் பேரம் பேசும் வாயை மறக்காத காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் அவர் மனசில் ஓர் ஆசை முளைத்தால், மதியச் சாப்பாட்டுக்குள் அது சட்டமாகிவிட வேண்டும். அதனால் சபையில் இருந்தவர்களுக்கு அவர் கோபத்தைவிட அவர் ஆசையைக் கண்டால்தான் அதிகப் பயம்.

அந்த ராஜா ஒருநாள் மாறுவேடம் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். மாறுவேடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டார். வேடிக்கை பார்த்துக்கொண்டே போனவர், சும்மா நின்றால் சந்தேகப்படுவார்களே என்று கத்தரிக்காய் வாங்கினார். காய்க்காரி நிறுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், இன்னும் இரண்டு காயை எடுத்து மேலே வைத்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் செருகினாள்.

"இது எதற்கம்மா?" என்றார் ராஜா.

"கொசுறு."

"கொசுறு என்றால்?"

காய்க்காரி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "கொசுறுன்னா தெரியாதா? எந்த ஊருய்யா உனக்கு? வாங்கினதுக்கு மேலே நானாப் பார்த்துக் குடுக்கிறது. எடுத்துக்கிட்டு நகரு, பின்னாலே ஆளு நிக்குது."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவருக்குக் கப்பம் வந்திருக்கிறது, காணிக்கை வந்திருக்கிறது, யானை மேல் பரிசு வந்திருக்கிறது. எல்லாம் கிரீடத்தைப் பார்த்து வந்தவை. தலையில் துண்டு கட்டியவனுக்கு ஒருத்தி இரண்டு கத்தரிக்காயைச் சும்மா கொடுத்தாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அரண்மனைக்கு ஓடிப்போய் ராணியிடம் அந்த இரண்டு காயையும் காட்டிக் காட்டிச் சொன்னார். ராணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழம்பில் போடச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் சபை கூடியதும் ராஜாவின் முதல் கேள்வி, "நம் அரண்மனைக்கு இத்தனை சாமான் வாங்குகிறோமே, கொசுறு ஏன் வருவதில்லை?" என்பதுதான்.

பண்டகசாலைத் தலைவர் ஏகாம்பரம் எழுந்தார். அரண்மனைக்கு அரிசி பருப்பு முதல் திரிநூல் வரை வாங்கிச் சேர்ப்பது அவர் பொறுப்பு. எங்கே என்ன சிந்தியிருக்கிறது என்று எறும்புக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். "மகாராஜா, வணிகர்களுக்குத் தங்கள்மீது அன்பு இல்லாமல் இல்லை. கொடுக்கக் கூச்சப்படுகிறார்கள். ஒரு சட்டம் போட்டால் கூச்சம் போய்விடும்" என்றார்.

சபையின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மகாராஜா, தானாகக் கொடுத்தால் கொசுறு. சட்டம் போட்டு வாங்கினால் அதற்கு வேறு பெயர் இருக்கிறதே." பேசியவன் ஆண்டியப்பன். விகடம் பேசி ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார், தாம் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுகிறார் என்று ஏகாம்பரத்துக்கு அவன்மேல் தீராத எரிச்சல்.

"ஆண்டியப்பா, என் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போடாதே" என்று ராஜா கையை ஆட்டிவிட்டார். சட்டம் எழுதும் வேலை ஏகாம்பரத்துக்கே போயிற்று.

அவர் உட்கார்ந்து நிதானமாக யோசித்தார். 'அரண்மனைக்கு' என்று எழுதினால், தம் வீட்டுக்கு வாங்கும்போது கொசுறு கேட்க முடியாது. 'விற்பவர்' என்று எழுதினால், இனாமாக வாங்குவதற்குக் கேட்க முடியாது. ஏகாம்பரம் பாதிச் சாமானை இனாமாகத்தான் வாங்குவார். ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு இப்படி எழுதினார்: 'இந்நாட்டில் எவர் எதைக் கொடுத்தாலும், அதைக் கொள்பவர் கேட்கும் கொசுறையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கொசுறு தர மறுப்பவரின் தொழிலும் உடைமையும் பறிக்கப்படும்.' ராஜா கத்தரிக்காய் ஞாபகத்திலேயே முத்திரையைப் போட்டார்.

அப்புறம் கடைத்தெரு பட்ட பாட்டைக் கேட்கவா வேண்டும்! ஏகாம்பரத்தின் ஆட்கள் முதலில் ஒரு குடம் பாலுக்கு ஒரு செம்பு கொசுறு கேட்டார்கள். பிறகு ஒரு குடத்துக்கு ஒரு குடம். பால்காரர் எங்கே போவார்? கிணற்றுக்குத்தான் போனார். அரிசிக்காரர் ஆற்றங்கரைக்குப் போய்ப் பொடிக்கல் பொறுக்கினார். மிளகாய்ப் பொடிக்காரர் செங்கல்லை இடித்தார். முதல்நாள் கலந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாலுநாள் போனதும் எந்த ஆற்றில் கல் பொடியாகக் கிடைக்கும் என்று சத்தமாகவே பேசிக்கொண்டார்கள். ஊர் ஜனம் கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்தது. கொசுறாக வந்ததெல்லாம் ஏகாம்பரத்தின் சொந்தச் சரக்குக் கொட்டடிக்குப் போய், அவர் மைத்துனன் கடையில் விலைக்கு வந்தது.

அந்தத் தெருவின் கோடியில் பூங்காவனம் என்றொருத்தி செக்கு வைத்திருந்தாள். புருஷன் போனபின் அவளே எள் வாங்கி, அவளே கருப்பட்டி போட்டு ஆட்டி, அவளே விற்றாள். இரண்டு மாடுகள்தான் அவளுக்குத் துணை. அவள் நல்லெண்ணெய் வாசனை தெருமுனை வரைக்கும் வரும்.

அவளிடமும் வந்து ஒரு குடத்துக்கு ஒரு குடம் கேட்டார்கள். கொடுத்தாள். திரும்ப வந்தார்கள். எள் வாங்கக் கடன் பட்டுக் கொடுத்தாள். பக்கத்துக் கடை அரிசிக்காரர் மனசு கேட்காமல் வந்து சொன்னார்.

"பூங்காவனம், ஊரே செய்யுது. பாதிக்குப் பாதி இலுப்பை எண்ணெயை ஊத்து. விலையும் சல்லிசு, யாருக்குத் தெரியப்போவுது?"

"வாயிலே வெச்சா கசக்குமே அண்ணே."

"அரமனைக்காரன் வாய்தானே கசக்கும்? கசக்கட்டும்."

"அரமனைக்கு ஒரு குடம், ஊருக்கு ஒரு குடம்னு கலந்துக்கிட்டா நிக்கப் போறேன்? கை பழகிடும் அண்ணே. என் எண்ணெயைத்தான் இந்தத் தெருவிலே பொறந்த புள்ளைக்கெல்லாம் தலையிலே வெக்கிறாங்க. பச்சப்புள்ளை உச்சியிலே பொய்யைத் தேய்க்கச் சொல்றீங்களா?"

அரிசிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு தம் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த முறை ஆட்கள் வந்தபோது பூங்காவனம் வாசலில் நின்று, "வாங்கினதுக்குச் சுத்தமா அளந்து தர்றேன். அதுக்கு மேலே குடுக்க எங்கிட்ட இல்லே" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே ஏகாம்பரம் நேரில் வந்து செக்குக்கு முத்திரை வைத்தார். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். செவலை மாடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

நாலைந்து நாள் கழித்து அரண்மனையில் வேறொரு கூத்து நடந்தது. ராஜா ஆசையாக அதிரசம் கேட்டார். ஒரு வாய் கடித்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. வேப்பங்காய்க்கு வெல்லம் போட்டமாதிரி ஒரு கசப்பு. "என் சமையலறைக்கு இந்த எண்ணெயைக் கொடுத்தது யார்? நாளைச் சபைக்கு வரட்டும்" என்று கத்தினார். ஏகாம்பரம் ஒரு கணம் ஆடிப்போனார். மற்ற செக்குக்காரர்கள் கொசுறாகக் கொட்டிய கலப்பட எண்ணெயைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டு, நல்லதை மைத்துனன் கடைக்கு அனுப்பியவர் அவர்தானே. அடுத்த கணமே அவருக்குப் பூங்காவனத்தின் ஞாபகம் வந்தது. மனசு குளிர்ந்தது.

மாலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஆண்டியப்பன் பூங்காவனத்தின் கடைக்கு வந்தான். மறுநாள் சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். வந்தவன் முத்திரையைப் பார்த்தான். செக்கடியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். அவள் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"நாளைக்கு உன்னையும் கூப்பிட்டிருக்காங்களா?"

"ஆமாங்க. கசப்பு எண்ணெய் என்னுதுன்னு சொல்றாங்களாம். கொசுறு மறுத்ததுக்குச் செக்கு போச்சு. இப்போ ஊரைவிட்டே விரட்டிடுவாங்களாம்."

ஆண்டியப்பன் கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. "பயப்படாதே தாயி. நாளைக்கு ராஜா தண்டனை சொல்லட்டும், சொல்லி முடிக்கட்டும். அப்போ நான் எழுந்து ஒண்ணு பேசுவேன். உன்னைப் பார்த்து, 'என்ன கொசுறு வேணும்'னு கேப்பாங்க. நீ ஒரே வார்த்தை சொல்லு. 'மன்னிப்பு'. அவ்வளவுதான். அவங்க சட்டப்படி மறுக்க முடியாது. செக்கும் மாடும் வீட்டுக்கு வந்துடும்."

அவள் தலையாட்டினாள். ஆனால் அவன் போனபிறகும், மறுநாள் அரண்மனைக்கு நடந்து போகும்போதும், அந்த வார்த்தை அவள் வாயில் ஒட்டவே இல்லை. மன்னிப்பு, மன்னிப்பு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சபை நிறைந்திருந்தது. பூங்காவனம் இதற்குமுன் அரண்மனைப் பின்வாசலைத் தாண்டியதில்லை. எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாமல் தூணோரம் ஒடுங்கி நின்றாள். ஆண்டியப்பன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். இந்த மனுஷனை நம்பியா வந்தோம் என்று அவளுக்குப் பகீரென்றது.

ஏகாம்பரம் ஒரு குடத்தைச் சபை நடுவே வைத்தார். "மகாராஜா, இது இவள் வீட்டில் நான் கைப்பற்றிய கடைசிக் குடம். தங்கள் நாவைக் கசக்க வைத்த எண்ணெய் இதுதான். இப்படிப்பட்ட எண்ணெய் இவளைத் தவிர இந்த நகரத்தில் எவரிடமும் கிடையாது. இவள் வீட்டிலும் இனி ஒரு சொட்டு இல்லை. மூலை முடுக்கெல்லாம் நானே தேடிவிட்டேன்."

ராஜா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அதே கசப்பு. "பெண்ணே, இது உன்னுடையதா?"

பூங்காவனம் கிட்டே வந்து முகர்ந்தாள். "இல்லீங்க மகாராசா. இதிலே பாதி இலுப்பை எண்ணெய். என் செக்கிலே எள்ளையும் கருப்பட்டியையும் தவிர வேறே எதையும் போட்டதில்லீங்க."

"கொசுறு மறுத்தாயா?"

"மறுத்தேனுங்க. குடுக்க இல்லாமத்தான் மறுத்தேன்."

ராஜா பெருமூச்சு விட்டார். மறுத்ததை அவளே ஒத்துக்கொண்டாள். கலப்படத்துக்கு ஓர் உயர்ந்த அதிகாரி சாட்சி. அவளுக்கோ அவள் வாயைத் தவிர சாட்சி இல்லை. "கொசுறு மறுத்ததற்காக உன் செக்கும் மாடுகளும் பறிக்கப்பட்டது பறிக்கப்பட்டதுதான். கலப்படம் செய்ததற்காக நீ இந்த நகரத்தைவிட்டு வெளியேற வேண்டும்" என்றார்.

பூங்காவனம் பின்னால் நகர்ந்து தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அற்புதமான தண்டனை!" என்று ஆண்டியப்பன் கைதட்டிக்கொண்டே எழுந்தான். "மகாராஜா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தத் தண்டனையைக் கொடுப்பவர் யார்?"

"நான்தான்."

"கொள்பவர்?"

"இந்தப் பெண்."

"அப்படியானால் கொசுறை இன்னும் கொடுக்கவில்லையே?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டு, "தண்டனைக்கு ஏதப்பா கொசுறு?" என்றார்.

"'எவர் எதைக் கொடுத்தாலும்' என்று ஏகாம்பரம் ஐயா அருமையாக எழுதியிருக்கிறார். தாங்கள் முத்திரையும் போட்டிருக்கிறீர்கள். கத்தரிக்காய் மட்டும் என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்."

ஓலையைக் கொண்டுவந்து படித்தார்கள். அப்படித்தான் இருந்தது. ஏகாம்பரம் அலட்சியமாக, "கேட்கட்டுமே மகாராஜா. கொசுறாக நாலு கசையடி வேண்டுமோ என்னவோ" என்றார்.

ராஜா பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார். "சட்டம் சட்டம்தான். சொல் பெண்ணே, உனக்கு என்ன கொசுறு வேண்டும்? கேட்டதைத் தருகிறேன்."

ஆண்டியப்பன் கண்ணைக் காட்டினான். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் செக்கு வந்துவிடும், செவலை மாடு வந்துவிடும், நாளைக்கே எள் போட்டு ஆட்டலாம். பூங்காவனம் வாயைத் திறந்தாள். நடுவில் இருந்த அந்தக் குடம் கண்ணில் பட்டது. திறந்த வாய் அப்படியே நின்றது.

"சொல்லம்மா" என்றான் ஆண்டியப்பன். அவன் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"மகாராசா," என்றாள் பூங்காவனம். "இந்த ஐயா என்னை மன்னிப்புக் கேக்கச் சொன்னாருங்க. நல்ல மனசோடதான் சொன்னாரு. ஆனா மன்னிப்புக் கேட்டா நான் கலந்தேன்னு ஆயிடுமே. செக்கை நீங்களே வெச்சுக்கோங்க. மாட்டுக்கு மட்டும் வேளாவேளைக்குத் தண்ணி காட்டச் சொல்லுங்க. ஊரைவிட்டுப் போன்னா போயிடறேன். எனக்குக் கொசுறா ஒண்ணே ஒண்ணு குடுங்க. 'இந்தக் கசப்பு எண்ணெய் பூங்காவனம் செக்கு எண்ணெய் இல்லே'ன்னு ஊர் பூரா தண்டோரா போட்டுச் சொல்லிடுங்க. அது போதுமுங்க."

ஆண்டியப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ராஜா சிம்மாசனத்தில் நெளிந்தார். அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தண்டோரா போட மறுத்தால், அவர் முத்திரை போட்ட சட்டப்படியே அவருடைய தொழிலும் உடைமையும் போய்விடும். அவர் தொழில் என்ன? ராஜாவாக இருப்பது. உடைமை என்ன? இந்த நாடு. சரி, போட்டுவிடலாம் என்றால், உண்மையா பொய்யா என்று தெரியாத ஒன்றை ராஜாவின் தண்டோரா எப்படிச் சொல்லும்? ஒரு தடவை ராஜாவின் தண்டோரா பொய் சொல்லிவிட்டால், அப்புறம் வெள்ளம் வருகிறது என்று சொன்னால்கூட ஜனம் திண்டியைத் தின்றுவிட்டுத் தூங்கும்.

"அப்படியானால் இது யார் எண்ணெய் என்று நான் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்" என்று முணுமுணுத்தார். "ஆண்டியப்பா! நீ ஆரம்பித்தாய், நீயே முடித்து வை."

ஆண்டியப்பன் எழுந்தான். அவன் யோசித்து வைத்திருந்ததெல்லாம் 'மன்னிப்பு' என்ற வார்த்தையோடு முடிந்துவிட்டது. அதற்குமேல் அவன் மடியில் ஒன்றுமில்லை. போகிற போக்கில் பூங்காவனத்தைப் பார்த்து ஒரு முறை முறைத்தான். அவள் நெற்றியில் வியர்வையைத் துடைத்தாள். அவன் நெற்றியிலும் வியர்வைதான். குடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்து முகர்ந்தான். இன்னொரு சுற்று வந்தான். பிறகு நின்றான். தாடையைச் சொறிந்தான். பூங்காவனத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது, ஏனென்றால் நேற்றும் அவன் தாடையைச் சொறிந்த பிறகுதான் முகம் மலர்ந்தது.

"மகாராஜா, இந்தக் குடத்தைத் தங்களுக்குக் கொடுத்தவர் யார்?"

"ஏகாம்பரம்."

"கொண்டவர்?"

"நான்." சொல்லிவிட்டு ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஊரெல்லாம் கொசுறு கொடுக்கிறது, தாங்களும் இப்போது கொடுக்கப் போகிறீர்கள். ஏகாம்பரம் ஐயா மட்டும் கொடுக்காவிட்டால் அவர் மனசு கஷ்டப்படாதா? அவரிடம் கொசுறு கேளுங்கள் மகாராஜா. குடத்துக்குக் குடம், அவர் வழக்கப்படியே. ஆனால் நல்ல எண்ணெய் வேண்டாம். இதே எண்ணெய். இதே வாசனை, இதே கசப்பு."

ராஜா மீசையைத் தடவினார். "ஏகாம்பரம், கேட்டுக்கொண்டீர் அல்லவா? இதே எண்ணெயில் இன்னொரு குடம்."

ஏகாம்பரத்தின் முகத்தில் ரத்தம் வற்றியது. "மகாராஜா, இவள் வீட்டில் இனி ஒரு சொட்டு இல்லை என்று சொன்னேனே..."

"அவள் வீட்டை யார் கேட்டார்கள்?" என்றான் ஆண்டியப்பன். "கொடுத்தது நீங்கள். கொசுறும் நீங்கள்தான் தரவேண்டும். முடியாது என்றால் மறுத்தது ஆகிவிடும். மறுத்தால் தொழிலும் உடைமையும் என்னவோ ஆகும் என்று யாரோ எழுதியிருந்தார்களே, எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை."

ஏகாம்பரத்துக்கு ஞாபகம் வந்தது. கண்முன்னால் அவருடைய மாடி வீடு வந்தது. தென்னந்தோப்பு வந்தது. மைத்துனன் கடை, நிறைந்த கொட்டடி, பதவி, பல்லக்கு எல்லாம் வரிசையாக வந்து போயின. போய்விடுமோ என்ற பயத்தில், ஒரு குடம் எண்ணெய்தானே, கொடுத்துத் தொலைத்தால் சொத்து மிஞ்சும் என்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. தம் வேலையாளைக் கூப்பிட்டு அவன் காதில் அவசரமாக எதையோ சொல்லி அனுப்பினார்.

வெற்றிலை போட்டுத் துப்பும் நேரம்கூட ஆகவில்லை. வேலையாள் தோளில் ஒரு குடத்தோடு மூச்சிரைக்க ஓடி வந்தான். நேராக ஏகாம்பரத்திடம் வந்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி, "ஐயா, ஒரு குடம் போதுமா? நம்ம கொட்டடியிலே இந்தக் கசப்பு எண்ணெய் இன்னும் வரிசையா கெடக்குதே, ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய்த் தூக்கியாரட்டுங்களா?" என்றான்.

ராஜா இறங்கி வந்தார். புதுக் குடத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். அதிரசம் மறுபடியும் தொண்டைக்கு வந்தது. "ஏகாம்பரம்," என்றார், "இவளைத் தவிர எவரிடமும் கிடையாது என்றீர். இவள் செக்கு முத்திரைக்குள் இருக்கிறது. இது எந்தச் செக்கில் ஆட்டியது?"

ஏகாம்பரம் வேலையாளை முறைத்தார். அவன் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். ராஜா அவனிடம் கேட்கக் கேட்க, கொட்டடி, கொசுறு மூட்டைகள், மைத்துனன் கடை என்று எல்லாம் வெளியே வந்தன.

பூங்காவனம் அப்படியே தூணடியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டே அழுதாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. இத்தனை நாளும் மூச்சை எங்கே பிடித்து வைத்திருந்தாளோ, இப்போதுதான் விட்டாள்.

ராஜா தலைகுனிந்தார். "முதல் திருட்டு என்னுடையது" என்றார் மெதுவாக. "அந்தக் காய்க்காரி மனசார எடுத்து வைத்தாள். நான் அதே பெயரைச் சொல்லி ஊரைப் பிடுங்கினேன். ஜனங்கள் பிடுங்கக் கொடுத்துவிட்டுப் பொய்யைக் கலந்தார்கள். கலக்காதவள் ஒருத்தி, அவளைத்தான் கலப்படக்காரி என்றேன்." பிறகு நிமிர்ந்தார். குரல் மாறியது. "ஏகாம்பரம்! உமக்கு நான் கொடுக்கும் தண்டனை என்னவென்றால்..."

"மகாராஜா! நிறுத்துங்கள், நிறுத்துங்கள்!" என்று ஆண்டியப்பன் பாய்ந்து வந்து ராஜாவின் கையையே பிடித்துவிட்டான். "முதலில் அந்த ஓலையைக் கிழியுங்கள். தண்டனையைப் பிறகு சொல்லலாம்!"

"ஏனப்பா?"

ஆண்டியப்பன் ஏகாம்பரத்தைக் காட்டினான். ஏகாம்பரம் கைகூப்பி, வாயைத் திறந்து, தண்டனை எப்போது வரும் என்று ஆவலாகக் காத்துக்கொண்டிருந்தார். கொசுறாக மன்னிப்புக் கேட்பதற்கு அவர் உதட்டில் 'மன்' வரைக்கும் வந்து நின்றிருந்தது.

ராஜாவுக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிம்மாசனத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஓலையை வாங்கி நாலாகக் கிழித்துப் போட்டார். ஏகாம்பரம் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு தண்டனை வந்தது. கொட்டடியில் இருந்ததெல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போக வேண்டும். பதவி போயிற்று. "இந்த அம்மாளின் மாடுகள் பட்டினியில் இளைத்திருக்கும். அவை தேறும்வரை செக்கை நீரே சுற்றும்" என்றும் சொன்னார் ராஜா.

பூங்காவனம் பதறி எழுந்தாள். "ஐயோ, அது மட்டும் வேணாமுங்க மகாராசா! அவரு சுத்தின எண்ணெய்னு தெரிஞ்சா ஜனம் என் கடைப் பக்கமே வராது."

ராஜா மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை ஆண்டியப்பனும் அவரோடு சேர்ந்து சிரித்தான். ஏகாம்பரத்தை ஆற்றங்கரைக்கு அனுப்பி, அரிசியில் கலக்க அள்ளிய கல்லையெல்லாம் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டும் வேலையைக் கொடுத்தார்கள். ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆண்டியப்பன் கழுத்தில் போட்டார். பூங்காவனத்தைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார்.

"அந்தத் தண்டோராவுங்க" என்றாள் அவள்.

"அது நான் கொடுக்கும் பரிசு இல்லையம்மா. உன்னிடமிருந்து நான் எடுத்த நல்ல பெயர். திருப்பித் தருகிறேன்."

அன்றே தண்டோரா ஊரெல்லாம் போயிற்று. கசப்பு எண்ணெய் பூங்காவனம் செக்கு எண்ணெய் இல்லை, கொசுறுச் சட்டமும் இனி இல்லை என்று தெருத்தெருவாக முழங்கியது. கடைத்தெருவில் அதைக் கேட்டவர்கள் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. அரிசிக்காரர்தான் முதலில் முறத்தை எடுத்துக் கடை வாசலில் உட்கார்ந்து புடைக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து அடுத்த கடையில் ஒருவர். கொஞ்சநேரத்தில் தெரு முழுக்க முறத்தின் சத்தம். பால்காரர் குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, கழுவிக் காயவைத்தார்.

செவலை மாடு வீட்டுக்கு வந்ததும் பூங்காவனத்தின் கையை நக்கியது. முத்திரையைப் பிய்த்தார்கள். எள் போட்டு ஆட்டியபோது, பழைய வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று.

மறு சனிக்கிழமைக்கு முந்தின மாலை ஆண்டியப்பன் கிண்ணத்தோடு வந்தான். கழுத்தில் முத்துமாலை. பூங்காவனம் எண்ணெயை அளந்து ஊற்றினாள். ஊற்றி முடித்ததும் அவன் வெடுக்கென்று கிண்ணத்தை இழுத்து, மேலே கையை வைத்து மூடிக்கொண்டான்.

"என்னங்க, ஏன் மூடறீங்க?"

"வேண்டாம் தாயி. கொசுறுங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போ வியர்க்குது. என்னை எவ்வளவு பெரிய திண்டாட்டத்துலே விட்டே அன்னைக்கு! ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்."

பூங்காவனம் சிரித்தாள். அவன் கையை நகர்த்திவிட்டு, கரண்டி நிறைய எண்ணெயை மொண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். அது விளிம்பு வரைக்கும் வந்து நின்றது.

"நான் கேட்கலையே!" என்றான் ஆண்டியப்பன்.

"கேக்கலைல்ல? அதான்" என்றாள் பூங்காவனம்.